2013 ரெட் சாக்ஸ்: குணம் பார்த்து ஆள் எடுத்தார்களா, விலை பார்த்து எடுத்தார்களா?

இளமாறன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பாஸ்டன் ரெட் சாக்ஸ் என்ற பேஸ்பால் அணியை நான் தொடர்ந்து பார்க்கத் தொடங்கியது, அந்த அணி 108 ஆட்டங்களில் வென்று, சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடரையும் கைப்பற்றிய 2018-ஆம் ஆண்டில்தான். அதற்கு முந்தையவை எல்லாம் எனக்குச் செவிவழிச் செய்திகளே. எங்கள் அலுவலகத்தில் உள்ள மூத்த ரசிகர்கள் சிலர், ஒவ்வொரு நவம்பரிலும் ஒப்பந்தம் முடிந்து எந்த அணியிலும் சேரக்கூடிய ஃப்ரீ ஏஜென்ட் வீரர்களின் பட்டியல் வெளிவந்தவுடன், “2013 அணியைப் போல நல்ல மனிதர்களாகப் பார்த்து எடுக்க வேண்டும்” என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒருவர் எத்தனை ஹோம் ரன் அடிப்பார், அவருடைய தோள்பட்டை இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு இரண்டாம்பட்சம். கிளப்ஹவுஸில், அதாவது வீரர்கள் ஒன்றாக இருக்கும் அறையில், எப்படிப் பழகுவார் என்பதுதான் முதல் கேள்வி.

எனக்குத் தெரிந்த அளவில் நடந்தது இதுதான். 2012-இல் 69 வெற்றி, 93 தோல்வி; 1965-க்குப் பிறகு அந்த அணி கண்ட மிக மோசமான ஆண்டு அது. அடுத்து வந்த ஆஃப்சீசனில் பொது மேலாளர் பென் செரிங்டன், மைக் நாப்போலி, ஷேன் விக்டோரினோ, ஜானி கோம்ஸ், டேவிட் ராஸ், ரயன் டெம்ப்ஸ்டர், ஸ்டீபன் ட்ரூ, கோஜி உயெஹாரா ஆகியோரை ஒப்பந்தம் செய்தார். அந்தக் குளிர்காலத்தில் எல்லா அணிகளும் துரத்திய பெரிய நட்சத்திரம் என்று இவர்களில் எவரையும் சொல்ல முடியாது. 2013-இல் அணி 97 ஆட்டங்களில் வென்று, உலகத் தொடரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸை ஆறு ஆட்டங்களில் வீழ்த்தியது.

இந்த மாற்றத்துக்குக் கிளப்ஹவுஸ் பண்பாடு உண்மையிலேயே காரணமா, அல்லது வெற்றி வந்த பிறகு அதற்குச் சூட்டப்பட்ட அழகான விளக்கமா? இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. 108 ஆட்டங்களில் வென்ற 2018 அணியைவிட, 97 ஆட்டங்களில் வென்ற 2013 அணியை இந்த ஊர்க்காரர்கள் ஏன் இவ்வளவு நெருக்கமாக நினைக்கிறார்கள்?

கணக்குப்பிள்ளை

இளமாறன், இந்தக் கதையை நவம்பரிலிருந்து தொடங்கினால் பாதிதான் புரியும். 2012 ஆகஸ்ட் 25-இலிருந்து தொடங்க வேண்டும். அன்றுதான் ஏட்ரியன் கொன்சாலஸ், கார்ல் க்ராஃபர்ட், ஜாஷ் பெக்கெட், நிக் புன்டோ ஆகிய நால்வரையும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு அனுப்பிவிட்டு, 25 கோடி டாலருக்கும் மேற்பட்ட எதிர்காலச் சம்பளப் பொறுப்பை ரெட் சாக்ஸ் ஒரே நாளில் இறக்கி வைத்தது. க்ராஃபர்டின் ஒப்பந்தம் மட்டுமே ஏழு ஆண்டுகளுக்கு 14.2 கோடி டாலர். அதில் இரண்டு ஆண்டுகள்கூட முழுதாக முடிந்திருக்கவில்லை. தன் தவற்றைப் பிறர் தலையில் கட்டும் வாய்ப்பு எந்த அணிக்கும் எளிதில் கிடைப்பதில்லை. டாட்ஜர்ஸுக்கு அப்போதுதான் புதிய உரிமையாளர்கள் வந்திருந்தார்கள், கையில் பணம் இருந்தது, அதனால் கிடைத்தது.

அப்படிச் சூடு கண்ட நிர்வாகம் மீண்டும் ஏழாண்டு ஒப்பந்தத்தின் பக்கம் போகுமா? போகவில்லை. அந்தக் குளிர்காலத்தில் வெளியிலிருந்து எடுத்த ஃப்ரீ ஏஜென்ட்களில் எவருக்கும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் கொடுக்கவில்லை. விக்டோரினோவுக்கு மூன்று ஆண்டு, 3.9 கோடி டாலர். டெம்ப்ஸ்டருக்கு இரண்டு ஆண்டு, 2.65 கோடி. கோம்ஸுக்கு இரண்டு ஆண்டு, ஒரு கோடி. ராஸுக்கு இரண்டு ஆண்டு, 62 லட்சம். ட்ரூவுக்கு ஓராண்டு, 95 லட்சம். உயெஹாராவுக்கு ஓராண்டு, 42.5 லட்சம். நாப்போலியின் கதைதான் இதில் சுவையானது. அவருக்கும் மூன்று ஆண்டு, 3.9 கோடி என்றுதான் பேசி முடித்தார்கள். ஆனால் மருத்துவப் பரிசோதனையில் இரண்டு இடுப்பு மூட்டுகளிலும் எலும்பு நலிவு நோய் தெரிய வந்ததும், ஒப்பந்தம் ஓராண்டுக்கு 50 லட்சம் உறுதித்தொகை, ஆடும் நாள்களுக்கேற்ப மேற்கொண்டு ஊக்கத்தொகை என்று சுருங்கியது. அவர் அந்த ஆண்டு 23 ஹோம் ரன் அடித்து, அணிக்கு 92 ரன்கள் கிடைக்கக் காரணமானார்.

இன்னொரு விதியையும் கவனிக்க வேண்டும். பழைய அணி ‘குவாலிஃபையிங் ஆஃபர்’ என்ற ஓராண்டு ஒப்பந்த வாய்ப்பைக் கொடுத்து, அதை மறுத்து வெளியேறிய வீரரை எடுத்தால், எடுக்கும் அணி டிராஃப்டில் (புதிய இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) ஓர் இடத்தை இழக்க நேரும். மேலே சொன்ன எழுவரில் எவர் மீதும் அந்தக் கட்டு இல்லை. அணியின் மொத்தச் சம்பளம் மிஞ்சினால் விதிக்கப்படும் ஆடம்பர வரிக்கான வரம்பு அப்போது 17.8 கோடி டாலர். அதையும் தாண்டாமல் பார்த்துக்கொண்டார்கள். ஆக, குறுகிய காலம், நடுத்தர விலை, டிராஃப்ட் இழப்பில்லை, வரியில்லை என்ற நான்கு வடிகட்டிகளிலும் தேறியவர்கள்தாம் உங்கள் நண்பர்கள் சொல்லும் ‘நல்ல மனிதர்கள்’. முப்பதைத் தாண்டிய, பல கிளப்ஹவுஸ்களைப் பார்த்த, யாரும் ஏழாண்டு ஒப்பந்தம் தராத வீரர்களைத் தேடினால், பக்குவம் உள்ளவர்கள் தாமாகவே அந்தச் சல்லடையில் தங்குவார்கள்.

அதிர்ஷ்டத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. உயெஹாராவைக் குளோசராக, அதாவது கடைசி இன்னிங்ஸை வீசி ஆட்டத்தை முடிப்பவராக, எவரும் எடுக்கவில்லை. அந்த வேலைக்குப் பிட்ஸ்பர்கிலிருந்து ஜோயல் ஹான்ரஹானை வர்த்தகம் செய்து கொண்டுவந்தார்கள்; அவருடைய முழங்கை போனது. அடுத்து ஆண்ட்ரூ பெய்லி. அவருடைய தோள்பட்டை போனது. ஜூன் மாதக் கடைசியில்தான் 38 வயது உயெஹாராவிடம் ஒன்பதாம் இன்னிங்ஸ் வந்து சேர்ந்தது. மணிக்கு 90 மைலை எட்டவே சிரமப்படும் நேர்ப்பந்தும் கீழே விழும் ஸ்ப்ளிட்டரும் மட்டுமே அவருடைய கைமுதல். அதை வைத்துக்கொண்டு 74 இன்னிங்ஸுக்கும் மேல் வீசி, ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.09 ரன் மட்டுமே விட்டுக்கொடுத்த சராசரியுடன் முடித்தார். இடையில் தொடர்ந்து 37 ஆட்டக்காரர்களை ஒருவர்கூட பேஸுக்குப் போகாமல் வெளியேற்றினார். இது முன்கூட்டியே போட்ட திட்டம் என்று எவர் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

கடைசியாக ஒன்று. 2011 செப்டம்பரில் அந்த அணி 7 வெற்றி, 20 தோல்வி என்று சரிந்து, ஒன்பது ஆட்ட முன்னிலையைப் பறிகொடுத்தது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, அன்று வீச வேண்டியிராத பிட்ச்சர்கள் கிளப்ஹவுஸில் பீர் குடித்து, பொரித்த கோழி தின்று, வீடியோ கேம் ஆடினார்கள் என்று பாஸ்டன் குளோப் அக்டோபரில் எழுதியது. அந்தச் செய்தியில் பெக்கெட்டுடன் பெயர் அடிபட்ட மற்ற இருவர் ஜான் லெஸ்டரும் ஜான் லாக்கியும். 2013 உலகத் தொடரின் நான்கு வெற்றிகளில் முதல் ஆட்டத்தையும் ஐந்தாம் ஆட்டத்தையும் வென்று கொடுத்தவர் லெஸ்டர். ஆறாவதை வென்று கொடுத்தவர் லாக்கி. கிளப்ஹவுஸைக் கெடுத்ததாகச் சொல்லப்பட்டவர்களே கோப்பையையும் தூக்கினார்கள் என்றால், பண்பாடு என்ற விளக்கத்துக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மீனா, வூஸ்டர்

கணக்குப்பிள்ளை ஐயாவின் எண்களில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் கடைசிப் பத்தியை நான் நேர் எதிராகப் படிக்கிறேன். லெஸ்டரும் லாக்கியும் அதே மனிதர்கள்தாம் என்றால், மாறியது அவர்களைச் சுற்றியிருந்த சூழல் என்றுதானே பொருள்? லாக்கிக்கு 2011-இல் சராசரி 6.41. 2012 முழுவதும் முழங்கை அறுவை சிகிச்சையால் ஆடவில்லை. 2013-இல் உடல் இளைத்து வந்து 3.52-க்கு இறங்கினார். முழங்கை சரியானது முதற்காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2013-இல் களத்தில் அணியை நடத்தும் மேலாளராக வந்த ஜான் ஃபாரெல், 2007 முதல் 2010 வரை இதே அணியின் பிட்ச்சிங் பயிற்சியாளராக இருந்து லெஸ்டரையும் பக்ஹோல்ஸையும் வளர்த்தவர். அவர் டொராண்டோவின் மேலாளராக இருந்தபோது, மைக் அவிலெஸ் என்ற ஆட்டக்காரரைக் கொடுத்து அவரை வாங்கி வந்தார்கள். மேலாளருக்காக ஒரு வீரரையே விலையாகக் கொடுப்பது அடிக்கடி நடப்பதல்ல.

அவருக்கு முந்தைய ஆண்டை நினைத்துப் பாருங்கள். 2012-இன் மேலாளர் பாபி வேலன்டைன் ஏப்ரல் மாதத்திலேயே தொலைக்காட்சியில், மூத்த வீரர் கெவின் யூக்கிலிஸ் உடலாலும் உள்ளத்தாலும் முன்போல் ஆட்டத்தில் ஈடுபாடு காட்டவில்லை என்ற தொனியில் பேசினார். இங்கே நாங்கள் இப்படி நடந்துகொள்வதில்லை என்று இன்னொரு மூத்த வீரர் டஸ்டின் பெட்ரோயா செய்தியாளர்களிடம் வெளிப்படையாகவே மறுத்தார். ஜூனில் யூக்கிலிஸ் சிகாகோவுக்குப் போனார். அக்டோபரில் வேலன்டைனும் போனார். மேலாளரும் மூத்த வீரர்களும் பத்திரிகை வழியாகப் பேசிக்கொள்ளும் அணியில், நல்ல ஆட்டக்காரர்களும் தன் எண்ணிக்கையைத் தான் பார்த்துக்கொண்டால் போதும் என்று ஒதுங்கிவிடுவார்கள். இதை எந்தப் புள்ளிவிவர அட்டவணையிலும் பார்க்க முடியாது. ஆனால் அந்த ஆண்டு ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இளமாறன், நீங்கள் பழைய பதிவுகளைப் பார்ப்பதாக இருந்தால், 2013 உலகத் தொடரின் நான்காம் ஆட்டத்தைப் பாருங்கள். அதற்கு முந்தைய இரவு, மூன்றாம் பேஸில் நடந்த தடுப்பு விதிமீறல் ஒன்றால் ரெட் சாக்ஸ் கடைசிப் பந்தில் தோற்று, தொடரில் 2-1 என்று பின்தங்கியிருந்தது. மறுநாள் ஆட்டம் தொடங்கச் சிறிது நேரமே இருக்கும்போது விக்டோரினோவுக்கு முதுகு பிடித்துக்கொள்ள, பட்டியலில் இல்லாத கோம்ஸைச் சேர்த்தார்கள். ஐந்து இன்னிங்ஸ் முடிவில் 1-1. ஆறாம் இன்னிங்ஸ் தொடங்குமுன் அணியின் மூத்த ஆட்டக்காரர் டேவிட் ஓர்டிஸ், வீரர்கள் அமரும் டகவுட்டில் அத்தனை பேரையும் சுற்றி நிற்க வைத்துப் பேசினார். பயிற்சியாளர்கள் எவரும் குறுக்கிடவில்லை. அந்த இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட்டான பிறகு பெட்ரோயா சிங்கிள் அடித்தார், ஓர்டிஸ் வாக் வாங்கினார் (அடிக்காமலே முதல் பேஸை அடைந்தார்), கோம்ஸ் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். பேச்சினால் ஹோம் ரன் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் தொடரை .688 என்ற பேட்டிங் சராசரியுடன் முடித்த ஒருவர், மற்றவர்கள் அடிக்கவில்லையே என்று எரிச்சல்படாமல் அவர்களைக் கூட்டி வைத்துப் பேச முடிந்த இடமாக அந்த டகவுட் இருந்தது என்பதே என் பார்வைக்குப் படுகிறது.

கோம்ஸின் அந்த ஆண்டு பேட்டிங் சராசரி .247 மட்டுமே. இடக்கைப் பிட்ச்சர் வீசும் நாள்களில் ஆடி, மற்ற நாள்களில் பெஞ்சில் அமர்ந்து, அழைத்தால் போய் அடித்துவிட்டு வரும் வேலை அவருக்கு. ராஸுக்கும் அப்படியே: மாற்று கேட்ச்சராக வந்தவர், உலகத் தொடரின் நான்காம் ஆட்டத்திலிருந்து முதல் கேட்ச்சரானார், ஐந்தாம் ஆட்டத்தில் சமனை உடைத்த டபுளையும் (இரண்டாம் பேஸ் வரை போக வைக்கும் அடி) அடித்தார். பெஞ்சில் இருந்தும் முகம் கோணாதவர்கள் ஒரு ஆண்டுக்கு 162 ஆட்டங்கள் ஆடும் விளையாட்டில் எவ்வளவு தேவை என்பதை விலைச்சீட்டு சொல்லாது. டேனியல் நாவாவின் கதையைக் கேட்டால் வியந்துபோவீர்கள். எந்தப் பெரிய அணியும் சீண்டாமல் தனியார் லீகில் ஆடிக்கொண்டிருந்தவருடைய உரிமையை ரெட் சாக்ஸ் ஒரு டாலருக்கு வாங்கியது. 2013-இல் அவருடைய பேட்டிங் சராசரி .303.

இளமாறன்

இருவருக்கும் மிக்க நன்றி. மீனா அவர்களின் விளக்கம் எனக்கு நெருக்கமாக இருக்கிறது. ஆனால் ஓர் இடத்தில் மனம் தட்டுகிறது. 2014-இலும் நாப்போலி, கோம்ஸ், ராஸ், விக்டோரினோ, உயெஹாரா ஆகியோர் அதே கிளப்ஹவுஸில்தானே இருந்தார்கள்? மேலாளரும் அதே ஃபாரெல். அப்படியிருந்தும் 71 வெற்றி, 91 தோல்வியுடன் பிரிவில் கடைசி இடத்துக்குப் போனது எப்படி?

பச்சைச்சுவர்

2014-க்குச் சுருக்கமான பதில்: ஜேக்கபி எல்ஸ்பரி ஏழாண்டு, 15.3 கோடி டாலருக்கு யாங்கீஸுக்குப் போனார், விக்டோரினோ காயத்தால் 30 ஆட்டங்களே ஆடினார், இளையவர்கள் தடுமாறினார்கள், 2013-இல் மற்ற எல்லா அணிகளையும்விட அதிகமாக 853 ரன் எடுத்த அணி அடிப்பதையே மறந்துவிட்டது. பண்பாடு இருந்தது, ரன் இல்லை. அந்த அளவில் கணக்குப்பிள்ளை சொல்வது சரிதான்.

ஆனால் உங்கள் இரண்டாவது கேள்வியை இதுவரை எவரும் தொடவில்லை. எனக்கு அதுதான் பெரிய கேள்வி. 2013 ஏப்ரல் தொடக்கத்தில் இந்த ஊருக்கும் அணிக்கும் இடையே பேச்சுவார்த்தை இல்லாத உறவினர்களைப் போன்ற நிலைமைதான் இருந்தது. 2003 மே மாதத்திலிருந்து, அணியின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்கில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அத்தனை டிக்கெட்டுகளும் விற்றுத் தீர்ந்தன என்பது அணியின் பெருமை. பிளேஆஃப் ஆட்டங்களையும் சேர்த்து 820 ஆட்டங்கள் நீண்ட அந்தத் தொடர், ஏப்ரல் 10 அன்று அறுந்தது. அதற்கு முன்பே காலி இருக்கைகளை நாங்கள் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம் என்பது வேறு. அந்த எண்ணிக்கை முடிந்ததில் நான் உள்ளூர மகிழ்ந்தேன். 1918-க்குப் பிறகு 86 ஆண்டுகள் தோற்றுத் தோற்று, தோல்வியையே அடையாளமாகக் கொண்டு வளர்ந்த ரசிகர்களுக்கு, 2004-இலும் 2007-இலும் கோப்பை வென்ற பிறகு நாம் யார் என்ற குழப்பமே வந்திருந்தது. அதிகச் சம்பளம் கொடுத்து, சலிப்போடு ஆடும் ஓர் அணியைப் பார்க்க அதிக விலைக்கு டிக்கெட் வாங்கும் கூட்டமாக மாறிக்கொண்டிருந்தோம்.

ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 15. அன்று பேட்ரியட்ஸ் டே என்ற மாநில விடுமுறை, பாஸ்டன் மாரத்தான் நடக்கும் நாள். வழக்கப்படி ஃபென்வேயில் ஆட்டம் காலை பதினொரு மணிக்கே தொடங்கியது. ஒன்பதாம் இன்னிங்ஸில் நாப்போலி அடித்த டபுளால் 3-2 என்று வென்று, கூட்டம் மாரத்தான் ஓட்டத்தைப் பார்க்கக் கென்மோர் சதுக்கத்துப் பக்கம் கலைந்து போய்க்கொண்டிருந்தது. பிற்பகல் 2:49-க்கு பாய்ல்ஸ்டன் தெருவில் இரண்டு குண்டுகள் வெடித்தன. மூன்று பேர் இறந்தார்கள். 260-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அணி அன்றே கிளீவ்லாந்துக்குப் பயணப்பட வேண்டியிருந்தது. மறுநாள் அங்கே டகவுட்டில் ஒரு சட்டை தொங்கியது. முதுகில் எண்ணாக 617, அதன் மேல் பெயராக ‘பாஸ்டன் ஸ்ட்ராங்’. 617 இந்த ஊரின் தொலைபேசிக் குறியீடு. ஆண்டு முழுவதும் அந்தச் சட்டை அணியோடு ஊர் ஊராகப் போனது.

ஏப்ரல் 20 அன்று மீண்டும் ஃபென்வேயில் ஆட்டம் நடந்தபோது, குதிகால் காயத்தால் அதுவரை ஆடாதிருந்த ஓர்டிஸ் மைக்கைப் பிடித்தார். இது நம் ஊர் என்று ஒரு கெட்ட வார்த்தையையும் சேர்த்துச் சொன்னார், நேரடி ஒளிபரப்பில். ஒளிபரப்பைக் கண்காணிக்கும் அரசு ஆணையத்தின் தலைவரே, அவர் மனத்திலிருந்து பேசினார், நானும் பாஸ்டன் மக்களுடன் நிற்கிறேன் என்று பதிவிட்டார். டொமினிகன் குடியரசில் பிறந்த ஒருவர் ‘நம் ஊர்’ என்று சொன்னதை, தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்பவர்கள் தங்கள் குரலாகவே எடுத்துக்கொண்டார்கள். அன்று எட்டாம் இன்னிங்ஸில் ஆட்டத்தை வென்று கொடுத்த ஹோம் ரன், மீனா சொன்ன அந்த ஒரு டாலர் நாவாவுடையது.

தாடி விஷயத்தையும் இந்த வரிசையில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். வசந்தகாலப் பயிற்சி முகாமில் கோம்ஸும் நாப்போலியும் விளையாட்டாகத் தொடங்கியது அது. செப்டம்பரில் தாடியுடன் வரும் ரசிகர்களுக்கு, ஒட்டுத் தாடியானாலும் சரி, ஒரு டாலர் டிக்கெட் என்று ஓர் இரவை நிர்வாகம் அறிவித்தது. விற்பனைத் தந்திரம்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் சம்பளப் பட்டியலில் நடுப்பகுதியில் இருந்த, முகம் தெரியாத ஒரு கூட்டத்தை ஊர் தன் ஆள்களாகச் சேர்த்துக்கொள்ள அந்தத் தாடி ஒரு சாக்காக இருந்தது. அக்டோபர் 30 அன்று வென்றது, 1918-க்குப் பிறகு சொந்த மைதானத்தில் வென்ற முதல் உலகத் தொடர். ஊர்வலத்தின்போது கோம்ஸும் சால்டலமாக்கியாவும் வண்டியிலிருந்து இறங்கி, கோப்பையைப் பாய்ல்ஸ்டன் தெருவின் ஓட்ட முடிவுக் கோட்டில் வைத்து, அந்த 617 சட்டையை அதன் மேல் போர்த்தினார்கள். 2018 அணி இதைவிடத் திறமையான அணி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை நாங்கள் ரசித்தோம், 2013-ஐச் சார்ந்திருந்தோம்.

இந்தப் பற்றை நிர்வாகம் எவ்வளவு விரைவில் மறந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத குறை. 2014 வசந்தத்தில் லெஸ்டருக்கு நான்கு ஆண்டு, 7 கோடி டாலர் தர முன்வந்ததாகச் செய்தி வந்தது. சந்தை விலையோடு ஒப்பிட்டால் அது அவமதிப்பு. ஜூலை 31 அன்று அவரையும் கோம்ஸையும் சேர்த்தே ஓக்லாந்துக்கு அனுப்பினார்கள். அந்தக் குளிர்காலத்தில் சிகாகோ கப்ஸ் ஆறு ஆண்டு, 15.5 கோடி கொடுத்து லெஸ்டரை எடுத்தது. அவருக்கு விருப்பமான கேட்ச்சர் ராஸும் அங்கேயே போனார். இருவரும் 2016-இல் கப்ஸுடன் உலகத் தொடரை வென்றார்கள். நாமோ பாப்லோ சாண்டோவலுக்கு 9.5 கோடியும் ஹேன்லி ராமிரெஸுக்கு 8.8 கோடியும் கொடுத்து, 2015-இல் மீண்டும் கடைசி இடம் பிடித்தோம்.

கணக்குப்பிள்ளை

பச்சைச்சுவர் சொன்ன கடைசிப் பத்தியில் என் கட்சிக்கும் ஆதாரம் இருக்கிறது. 2013-இலிருந்து குறுகிய ஒப்பந்தமே நல்லது என்ற பாடத்தை நிர்வாகம் படித்தது. அதை லெஸ்டரிடம் காட்டியது. பிறகு அந்தப் பாடத்தையே மறந்து சாண்டோவலிடம் போனது. உத்தியைவிட, அதை யார் மீது பயன்படுத்துகிறோம் என்பதில் தவறினார்கள். பத்து ஆண்டுக்கும் மேலாக இங்கேயே வளர்ந்த இடக்கைப் பிட்ச்சர், சந்தையில் விலை பேசி வாங்கும் பொருள் அல்லவே. 2020 பிப்ரவரியில் இங்கேயே வளர்ந்த நட்சத்திரம் மூக்கி பெட்ஸை டாட்ஜர்ஸுக்குக் கொடுத்தபோதும் இதே கதைதான். சந்தைக் கணக்கை எனக்குப் புரிய வைக்க முடியும். அன்று ஃபென்வேயில் சட்டை வாங்கிய சிறுவனுக்குப் புரிய வைக்க முடியாது.

டிராஃப்ட் பற்றி நான் பெருமையாகச் சொன்னதற்கு ஒரு பின்குறிப்பு: மோசமாக ஆடியதால் 2013-இல் கிடைத்த ஏழாவது இடத்தில் ட்ரே பால் என்ற பிட்ச்சரை எடுத்தார்கள். அவர் மேஜர் லீக் வரை வரவேயில்லை.

மீனா, வூஸ்டர்

இளமாறன், நான்காம் ஆட்டத்தைப் பார்த்து முடித்தால், அதற்கு முந்தைய சுற்றில் டெட்ராய்டுக்கு எதிரான ஆறாம் ஆட்டத்தின் ஏழாம் இன்னிங்ஸையும் பாருங்கள். கோம்ஸ் சுவரின் உச்சியில் பட்ட டபுளுடன் தொடங்குவார். பிறகு இரட்டை அவுட் ஆகியிருக்கக்கூடிய ஒரு பந்தை டெட்ராய்டின் ஷார்ட்ஸ்டாப் ஹோசே இக்லேசியஸ் நழுவ விடுவார். அடுத்து வந்த விக்டோரினோ நான்கு ரன் தரும் கிராண்ட் ஸ்லாம் ஹோம் ரன் அடிப்பார். அந்த இக்லேசியஸ் ஜூலை வரை ரெட் சாக்ஸ் வீரர். ஜேக் பீவி என்ற பிட்ச்சரைப் பெறுவதற்காக, மூன்று அணிகள் சேர்ந்த வர்த்தகத்தில் நாம்தான் அவரை டெட்ராய்டுக்கு அனுப்பினோம். அந்தப் பீவி ஊர்வலத்தில் தான் ஏறி வந்த படகு வண்டியையே விலைக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனவர். அவரைப் பற்றித் தனியாகவே ஓர் இழை தொடங்கலாம்.